மூன்று வாரத்து அக்கா

(தமிழ்ப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில், அமெரிக்காவில் வாழும் பெற்றோர்கள், கல்லூரி மாணவர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொங்கல் முடிந்த கையோடு நம் வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். கோடை விடுமுறையில் பிள்ளையை எந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது? கணித முகாமா, எழுத்துப் பட்டறையா, ரோபாட்டிக்ஸா? வாட்ஸாப் குழுக்களில் இணைப்புகள் பறக்கும். யார் பாடம் நடத்துகிறார்கள், நுழைவுத் தேர்வு எவ்வளவு கடினம், கட்டணம் எவ்வளவு, கல்லூரி விண்ணப்பத்தில் இதை எழுதினால் எடுபடுமா என்று விசாரிப்போம். ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. இரவு ஒன்பதரை மணிக்கு என் பிள்ளை தங்கியிருக்கும் மாடியில் யார் இருப்பார்கள்?

அந்த மாடியில் இருந்தவள் நான். பட்ட மேற்படிப்புக் காலத்தில் பல கோடைகள் இப்படிப்பட்ட திட்டங்களில் விடுதிக் கவுன்சிலராக வேலை பார்த்தேன். இன்று உங்களிடம் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. கோடைத் திட்டத்தில் ஒரு பிள்ளை கற்றுக்கொள்வதில் பாதி, சிலருக்குப் பாதிக்கும் மேல், வகுப்பு முடிந்த பிறகுதான் நடக்கிறது. அதைத் தாங்கிப் பிடிப்பவர் இருபது, இருபத்தோரு வயதுள்ள ஒரு கல்லூரி மாணவர். அந்தத் திட்டத்திலேயே குறைந்த சம்பளம் வாங்குபவரும் அநேகமாக அவராகத்தான் இருப்பார்.

பள்ளிப் பிள்ளைகளைப் பல்கலைக்கழக விடுதியில் தங்கவைத்துப் பாடம் சொல்லும் வழக்கம் இந்த நாட்டுக்கு எப்படி வந்தது என்று முதலில் பார்ப்போம். 1957-இல் ஆர்னால்டு ராஸ் என்ற கணிதப் பேராசிரியர் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் ஒரு கோடைத் திட்டம் தொடங்கினார். 1964 முதல் அது ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நடந்தது. பாடம் எண் கோட்பாடு. நாளுக்கு ஒரு விரிவுரை. மற்ற நேரமெல்லாம் பிள்ளைகள் தாங்களே கணக்கோடு மல்லுக்கட்ட வேண்டும். அங்கே கவுன்சிலர்களில் பலர் முந்தைய ஆண்டுகளில் அதே திட்டத்தில் படித்தவர்கள். பிள்ளைகளோடு அதே விடுதியில் தங்குவார்கள். பிள்ளைகள் எழுதித் தரும் நிரூபணங்களை வரிவரியாக வாசித்து, எங்கே தாவியிருக்கிறாய், எதை நிரூபிக்காமலே நம்பிவிட்டாய் என்று ஓரத்தில் குறித்துத் திருப்பித் தருவார்கள். அதிலிருந்து வந்தவர்கள் சிலர் 1989-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் ப்ராமிஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். அங்கும் இதே முறைதான். கவுன்சிலர் வேலைக்கு இதைவிட நல்ல அமைப்பை நான் பார்த்ததில்லை. பிள்ளை எந்த இடத்தில் திணறுகிறது என்பதும் அவருக்குத் தெரியும்; அன்றிரவு அது சாப்பிட்டதா என்பதும் அவருக்கே தெரியும்.

இன்னொரு வேர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. உளவியலாளர் ஜூலியன் ஸ்டான்லிக்கு ஜோசப் பேட்ஸ் என்ற சிறுவனின் அறிமுகம் கிடைத்தது. அந்தச் சிறுவன் 1969-இல், பதின்மூன்று வயதில், ஹாப்கின்ஸிலேயே மாணவனாகச் சேர்ந்தான். இவனைப் போல இன்னும் எத்தனை பேர் இருப்பார்கள் என்ற கேள்வி ஸ்டான்லியை விடவில்லை. 1971-இல் ஆய்வைத் தொடங்கினார். 1972 மார்ச்சில் 12 முதல் 14 வயது வரையுள்ள சுமார் 450 பிள்ளைகள், கல்லூரிக்குப் போகிறவர்கள் எழுதும் எஸ்.ஏ.டி. கணிதத் தேர்வை எழுதினார்கள். அதில் பல பிள்ளைகள் வாங்கிய மதிப்பெண்கள் அவரையே திகைக்கவைத்தன. கண்டுபிடித்தாகிவிட்டது, இவர்களை அடுத்து என்ன செய்வது? 1979-இல் ஒரு மையமும், அடுத்த ஆண்டு பிள்ளைகள் தங்கிப் படிக்கும் கோடைத் திட்டமும் பிறந்தன. நம் வீடுகளில் சி.டி.ஒய். என்று சொல்கிறோமே, அதுதான். மூன்று வாரத்தில் ஒரு பாடம். டியூக் பல்கலைக்கழகமும் 1980-இல் இதே வழியில் ஒன்றைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடத்தியது. பெருந்தொற்றோடு அது நின்றுபோனது.

மூன்றாவது வேரைப் பற்றி நம் சமூகத்தில் யாரும் பேசுவதில்லை. எனக்கு அது மிக மதிப்புக்குரியது. 1964-இல் வறுமை ஒழிப்புக்காக வந்த சட்டத்தின் கீழ், அடுத்த ஆண்டு அப்வர்டு பவுண்டு என்ற கூட்டாட்சித் திட்டம் தொடங்கியது. இதில் சேரும் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினராவது வருமானம் குறைந்த குடும்பத்தினராகவும், பெற்றோர் பட்டம் பெறாத வீட்டிலிருந்து வருகிறவர்களாகவும் இருக்க வேண்டும். கட்டணம் கிடையாது. கோடையில் சில வாரம் கல்லூரி வளாகத்தில் தங்கிப் படிப்பார்கள். நடிகை வயோலா டேவிஸ் ரோட் ஐலண்டில் இந்தத் திட்டத்தில் படித்தவர்தான். அந்தப் பிள்ளைகளுக்கு விடுதியே ஒரு பாடம். நூலக அட்டையை எங்கே வாங்குவது, பேராசிரியரின் அறைக் கதவை எப்படித் தட்டுவது, அறைத்தோழியோடு எப்படி ஒத்துப்போவது என்று நம் வீடுகளில் பேசிப் பேசியே பழகிப்போன விஷயங்களை அங்கே ஒரு கவுன்சிலர் கூடவே நடந்து காட்டுகிறார்.

இப்படிப்பட்ட விடுதிகளுக்கு வெளிநாட்டிலிருந்தும் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். சென்னையில் வளர்ந்த கணிதவியலாளர் கண்ணன் சவுந்தரராஜன் 1989-இல், பள்ளி மாணவராக, ரிசர்ச் சயின்ஸ் இன்ஸ்டிடியூட் என்ற அமெரிக்கக் கோடைத் திட்டத்துக்கு வந்தவர். கடல் கடந்து வந்து முன்பின் அறியாத விடுதியில் ஒரு பள்ளிப் பிள்ளை முதல் இரவைக் கழிப்பது என்றால் என்ன என்று அந்தச் செய்தியைப் படித்தபோதெல்லாம் நான் நினைத்திருக்கிறேன்.

அந்த முதல் இரவுக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கார்கள் வரிசையாக வரும். சாவி, கழுத்தில் மாட்டும் அடையாள அட்டை, அறையில் ஏற்கெனவே இருக்கும் கீறல்களைக் குறிக்கும் படிவம். மருந்துகளை எல்லாம் செவிலியரிடம் ஒப்படைக்க வேண்டும். நிலக்கடலை ஒவ்வாத பிள்ளையின் எபிபென் ஊசி எங்கே இருக்கிறது என்பது கவுன்சிலருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். அம்மா படுக்கை விரிப்பைப் போட்டுக்கொடுப்பார். அமெரிக்க விடுதிக் கட்டில் வீட்டுக் கட்டிலைவிட நீளம். வீட்டிலிருந்து கொண்டுவந்த விரிப்பு மூலையில் நிற்காமல் சுருண்டு வரும். அப்பா ஜன்னலைத் திறந்து மூடிப் பார்ப்பார். பல விடுதிகளில் குளிர்சாதனம் கிடையாது. ஒரு மின்விசிறி வாங்கிவர மறுபடியும் கடைக்கு ஓடுவார். ஐந்து மணிக்குப் பெற்றோர் கிளம்பிவிட வேண்டும் என்று அறிவிப்பு வரும். அப்போது தாழ்வாரத்தில் விழும் அமைதியை வேறெங்கும் நான் உணர்ந்ததில்லை.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்தில் கவுன்சிலர் செய்வதுதான் அந்த மூன்று வாரத்தையும் தீர்மானிக்கிறது. எல்லாரையும் தரையில் வட்டமாக உட்காரவைப்போம். பெயர், ஊர், பிடித்த தின்பண்டம். அதற்குள் நான் பன்னிரண்டு பேரின் பெயரையும் சரியாகச் சொல்லப் பழகியிருப்பேன். இது சின்ன விஷயமில்லை. பெயரைக் கூப்பிட்டதும் அந்தப் பிள்ளையின் தோள் தளர்வதை நீங்கள் பார்க்க வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் சில சமயம் இரண்டாம் நாளே என்னை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். அதைக் கேட்டு மற்ற பிள்ளைகளும் அப்படியே கூப்பிடுவார்கள். கொரியக் குழந்தையும் டெக்சாஸ் குழந்தையும் அக்கா என்று அழைத்தபடி தாழ்வாரத்தில் ஓடிவருவது எனக்குக் கிடைத்த பெரும்பேறு.

வீட்டு நினைவு இரண்டாம் நாள் அல்லது மூன்றாம் நாள் இரவில் வரும். முதல் நாள் பரபரப்பில் தெரியாது. வயிற்று வலி என்று வரும், தலைவலி என்று வரும், பசியில்லை என்று வரும். கிறிஸ்டோபர் தர்பர் என்ற உளவியலாளர் கோடை முகாம்களில் இதையே நெடுங்காலம் ஆராய்ந்தவர். அவரும் எட்வர்ட் வால்டனும் எழுதிய அறிக்கையை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2007-இல் வெளியிட்டது. அதிலுள்ள ஓர் அறிவுரையை இங்கே வந்திருக்கும் ஒவ்வொரு பெற்றோரிடமும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். "உனக்குப் பிடிக்கலைன்னா ஒரு போன் பண்ணு, உடனே வந்து கூட்டிட்டு வந்துடறேன்" என்று கிளம்பும்போது வாக்குக் கொடுக்காதீர்கள். அன்பால் சொல்கிறீர்கள். ஆனால் பிள்ளையின் காதில் அது வேறு விதமாக விழுகிறது: உன்னால் முடியாது என்று அம்மாவே நினைக்கிறாள். அதன் பிறகு சின்னச் சங்கடம் வந்தாலும் பிள்ளை தொலைபேசியைத்தான் பார்க்கும். சமாளிக்கப் பழகவே பழகாது. அதற்குப் பதில் மே மாதத்திலேயே ஒரு வார இறுதியைச் சித்தப்பா வீட்டிலோ தோழி வீட்டிலோ கழிக்கச் சொல்லுங்கள். பிரிந்திருப்பதற்கும் ஒத்திகை வேண்டும்.

இரவுத் தொலைபேசி அழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்மவர்கள் தினமும் அழைப்போம். "சாப்பிட்டியா? என்ன சாப்பிட்டே? தயிர் கிடைச்சுதா?" பிள்ளை அதுவரை சீட்டாடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கும். அழைப்பு முடிந்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடும். அழைக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பகலில், உணவு இடைவேளையில் அழையுங்கள். படுக்கப்போகும் நேரத்தில் வேண்டாம். அந்த நேரத்தைக் கவுன்சிலரிடம் விட்டுவிடுங்கள். தயிர் கிடைக்கும், உணவுக்கூடத்தில் சிறு கிண்ணங்களில் இருக்கும், இனிப்பில்லாதது எது என்பது இரண்டே நாளில் பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

உணவுக்கூடம்தான் எங்களுடைய பெரிய வகுப்பறை. நாள் முழுதும் ஒரு பிள்ளையைப் பார்க்க முடியாமல் போனாலும் மூன்று வேளையும் தட்டைப் பார்க்கலாம். யார் யாரோடு உட்காருகிறார்கள், நேற்று நடுவில் உட்கார்ந்தவள் இன்று ஏன் மேசையின் ஓரத்தில் இருக்கிறாள், சாலட் மட்டும் எடுத்து அதையும் கிளறிக்கொண்டே இருப்பது யார் என்று பார்த்துக்கொண்டே சாப்பிடுவோம். எதையும் கேட்க மாட்டோம். அடுத்த வேளை போய்ப் பக்கத்தில் உட்காருவோம். பிள்ளைகளோடு பேச்சு பெரும்பாலும் எதிரெதிரே உட்கார்ந்து நடப்பதில்லை. பக்கத்தில் நடந்துகொண்டோ, கையில் நூல் பின்னிக்கொண்டோ இருக்கும்போதுதான் வரும். பிற்பகல் விளையாட்டு நேரத்தில் நான் எப்போதும் கைவளை பின்னும் குழுவை எடுத்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். கை வேலையில் இருக்கும்போது வாய் தன்பாட்டுக்குத் திறக்கும்.

அங்கே நான் அடிக்கடி கேட்ட ஒரு கவலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் நம் வீட்டுப் பிள்ளைகளிடம்தான் அதை அதிகம் கேட்டிருக்கிறேன். "இங்கே எல்லாரும் என்னைவிட நல்லாப் படிக்கிறாங்க."

இந்தத் திட்டங்களுக்கு வருகிற பிள்ளை தன் பள்ளியில் முதலாவது. ஆசிரியர் கேள்வி கேட்டால் கை தூக்குகிற முதல் ஆள். வீட்டில் விருந்தாளி வந்தால் கூப்பிட்டு அறிமுகம் செய்கிற பிள்ளை. இங்கே வகுப்பில் பதினைந்து பேர், பதினைந்தும் அப்படியே. இரண்டாம் நாள் வினாத்தாள் வருகிறது, பாதி புரியவில்லை. பக்கத்து நாற்காலியில் இருப்பவன் எழுதி முடித்துவிட்டு ஜன்னலைப் பார்க்கிறான். அதுவரை அந்தப் பிள்ளை தன்னைப் பற்றி வைத்திருந்த ஒரே விளக்கம் "நான் கெட்டிக்காரி" என்பது. அது அன்று மாலை பறிபோகிறது. ஹெர்பர்ட் மார்ஷ் என்ற கல்வி உளவியலாளர் 1980-களிலிருந்து இதை ஆராய்ந்து எழுதினார். ஒரே அளவு திறமையுள்ள இரண்டு பிள்ளைகளில், கெட்டிக்காரர்கள் நிறைந்த இடத்தில் படிக்கிற பிள்ளை தன் படிப்புத் திறனைக் குறைவாக மதிப்பிடுகிறது என்பது அவர் கண்டது. திறமை குறையவில்லை, அளவுகோல் மாறிவிட்டது. ஆனால் பதின்மூன்று வயதுக்கு அது எப்படித் தெரியும்?

வகுப்பில் அழ மாட்டார்கள். பேராசிரியரிடம் சொல்ல மாட்டார்கள். அம்மாவிடம் நிச்சயம் சொல்ல மாட்டார்கள், கட்டணம் எவ்வளவு என்பது அவர்களுக்குத் தெரியும். இரவு படிப்பு நேரம் முடிந்து அறைக்கு வந்த பிறகு, பல் துலக்கும் இடத்தில், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுவார்கள். அங்கே போய் "நீ கெட்டிக்காரிதான், கவலைப்படாதே" என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை. அன்று பகல் முழுதும் அவள் அதற்கு எதிரான சாட்சியத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். நாங்கள் செய்வது வேறு. தாழ்வாரத்தில் நாலைந்து பேர் சேர்ந்து உட்காரும்போது, எனக்கு அந்த வாரம் ஆய்வகத்தில் எது புரியவில்லை என்று நானே சொல்வேன். அடுத்தவள் சொல்வாள். ஜன்னலைப் பார்த்தவனைப் பற்றி யாராவது கேட்டால், அவன் இந்தப் பாடத்தைப் போன வருஷமே படித்துவிட்டான் என்று இன்னொருவர் சொல்வார். அவரவர் திணறல் பொதுச்சொத்தாகிவிடும். மூன்றாவது வாரம் அதே பிள்ளை "இது எனக்குப் புரியலை, நீ சொல்லு" என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் வரும். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாமல் கல்லூரிக்குப் போய் முதல் ஆண்டிலேயே ஒடிந்துபோன கெட்டிக்காரப் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பதின்மூன்று வயதில், மூன்று வாரத்தில், பத்திரமான ஓர் இடத்தில் அதைக் கற்றுக்கொள்வது பெரிய கொடுப்பினை. கற்ற பாடத்தைவிட அது பெரிது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தூக்கம். விளக்கணைக்கும் நேரம் பத்தரை என்று அட்டவணை சொல்லும். பதினொன்றுக்கும் கதவடியில் வெளிச்சம் தெரியும். இவர்கள் அடங்காதவர்கள் என்று முடிவுகட்டுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பதின்வயதினரின் தூக்கத்தைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் முக்கியமான ஒரு பகுதி, ஒரு பல்கலைக்கழகத்தின் கோடைத் தங்கலிலிருந்தே வந்தது. 1976-இல் மேரி கார்ஸ்கடன் ஸ்டான்ஃபோர்டில் தூக்க முகாம் ஒன்றைத் தொடங்கினார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் விடுதியில் தங்கி, தலையில் மின்முனைகளோடு தூங்குவார்கள்; அதே பிள்ளைகள் அடுத்தடுத்த கோடைகளிலும் வந்தார்கள். வயது ஏற ஏறத் தூக்கத் தேவை குறையும் என்று எதிர்பார்த்தார்கள். குறையவில்லை. படுக்கையில் பத்து மணி நேரம் கொடுத்தால், வளர்ந்த பிள்ளைகளும் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தூங்கினார்கள். தூக்கம் வரும் நேரம்தான் பருவம் எய்தும்போது பின்னால் தள்ளிப்போகிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்க வேண்டாம் என்று குழந்தை மருத்துவர் சங்கம் 2014-இல் சொன்னதற்குப் பின்னால் இந்த ஆய்வுகளும் உண்டு. ஆகவே பதினொன்றுக்கு விழித்திருக்கும் பிள்ளையை அதட்டிப் பயனில்லை. விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்காருவோம். வெளியே ஒருவர் இருக்கிறார் என்பது தெரிந்தால் அநேகமாகத் தூங்கிவிடுவார்கள்.

இனிச் சொல்வதைக் கல்லூரி மாணவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். இந்த வேலையில் அன்பைவிட முந்தி நிற்பது பாதுகாப்பு. 2011-இல் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முன்னாள் கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் சிறுவர்களைப் பல ஆண்டுகள் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கியது வெளியே வந்தது. அதன் பிறகு நாடெங்கும் பல்கலைக்கழகங்கள் வளாகத்துக்கு வரும் சிறார்களுக்கென்று விதிகளை எழுதின, இருந்த விதிகளை இறுக்கின. பின்னணிச் சோதனை, பயிற்சி, பிள்ளையோடு கதவடைத்த அறையில் தனியாக இருக்கக்கூடாது, தனிப்பட்ட முறையில் செய்தி அனுப்பிப் பழகக்கூடாது. சில இளைஞர்களுக்கு இது அவமதிப்பாகத் தெரியும். என்னை ஏன் சந்தேகப்படுகிறார்கள் என்று கேட்பார்கள். விதி பிள்ளைக்காக இருக்கிறது. யார் நல்லவர் என்று பிள்ளையால் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதில் மிகக் கடினமானது ஒன்றுண்டு. நள்ளிரவில் ஒரு பிள்ளை வந்து, "ஒண்ணு சொல்லணும், ஆனா யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்று கேட்கும். சத்தியம் செய்யக்கூடாது. துன்புறுத்தல் பற்றிய ஐயம் எழுந்தாலே உரிய அதிகாரிகளிடம் சொல்ல வேண்டும் என்ற கடமை ஆசிரியர், மருத்துவர் போன்றவர்களுக்குச் சட்டப்படியே இருக்கிறது. பல மாநிலங்களில் இப்படிப்பட்ட திட்டங்களின் ஊழியர்களுக்கும் அது பொருந்தும். ஆனால் "விதி இடம் தராது" என்று பிள்ளையின் முகத்துக்கு நேரே சொன்னால் அது திரும்பிப் போய்விடும், மறுபடி யாரிடமும் வாய் திறக்காது. நான் சொல்லப் பழகிக்கொண்டது இது: "நீ சொல்றதை நான் முழுசாக் கேக்கறேன். உனக்கோ இன்னொருத்தருக்கோ ஆபத்து இருந்தா, உதவி செய்யக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன். சொல்றதுக்கு முன்னாடி உங்கிட்டச் சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்த நிமிடம் மிக நீளமானது. சிலர் எழுந்து போய்விடுவார்கள். பலர் சொல்லிவிடுவார்கள். மறைக்காமல் பேசியதாலேயே நம்பிச் சொல்கிறார்கள் என்பதை நான் அனுபவத்தில் கண்டேன். கேட்டதை அன்றிரவே எழுதி மேலதிகாரியிடம் கொடுத்துவிட வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்கு அங்கே இடமில்லை.

இவ்வளவையும் சுமக்கிறவர்களுக்கு எவ்வளவு பயிற்சி? நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தில் ஒரு வாரம் முழுதும் ஒத்திகை பார்த்தோம். மூத்த கவுன்சிலர்கள் அழும் பிள்ளையாகவும் சண்டை போடும் அறைத்தோழிகளாகவும் நடிப்பார்கள், நாங்கள் கதவைத் தட்டி உள்ளே போக வேண்டும். இன்னொரு திட்டத்தில் காலையில் ஒரு காணொளி, மாலையில் சாவி. இரண்டிலும் பெற்றோர் கட்டியது ஆயிரக்கணக்கான டாலர்கள். பளபளக்கும் கையேட்டில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. கவுன்சிலருக்குக் கிடைப்பது தங்க இடம், சாப்பாடு, ஒரு சிறு தொகை, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. மணிக்கணக்குப் போட்டுப் பார்த்தால் பக்கத்துக் காபிக் கடையில் வேலை பார்க்கும் நண்பர் அதிகம் வாங்குவார். இது நியாயமில்லை. பிள்ளையின் இரவு நேரத்தை ஒருவரிடம் ஒப்படைக்கிறோம் என்றால் அவருக்குத் தூங்க நேரமும், கைநிறையச் சம்பளமும், தட்டினால் கதவைத் திறக்கும் ஒரு மேலாளரும் இருக்க வேண்டும். ஏனென்றால் களைத்துப்போன கவுன்சிலருக்கு எதுவும் கண்ணில் படாது. அதிகாலை இரண்டு மணிக்கு யாரோ மைக்ரோவேவில் பாப்கார்னைக் கருகவிட்டுத் தீ அலாரம் அலறும். எல்லாரையும் புல்வெளிக்குக் கொண்டுபோய்த் தலை எண்ணி, திரும்பக் கொண்டுவந்து படுக்கவைத்து, காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டி எழுப்ப வேண்டும். அன்று பகலில் சாலட்டைக் கிளறும் பிள்ளையை அவர் கவனிப்பாரா?

எனவே பெற்றோர்களே, விண்ணப்பத்தை அனுப்புமுன் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள். ஒரு கவுன்சிலருக்கு எத்தனை பிள்ளைகள்? பிள்ளைகள் தங்கும் முகாம்களுக்கு அமெரிக்க முகாம் சங்கம் வகுத்திருக்கும் அளவு, 9 முதல் 14 வயது வரை எட்டுப் பிள்ளைகளுக்கு ஒருவர், 15 முதல் 18 வயது வரை பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர். பல்கலைக்கழகத் திட்டங்களில் பல, ஒருவரிடம் இதைவிட அதிகமான பிள்ளைகளை ஒப்படைக்கும். ஏன் என்று கேளுங்கள். கவுன்சிலர்களுக்கு எத்தனை நாள் பயிற்சி, சென்ற ஆண்டு வேலை பார்த்தவர்களில் எத்தனை பேர் மறுபடி வந்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் பதில் வந்தால் அந்த இடம் நல்ல இடம். மோசமாக நடத்தும் இடத்துக்கு யாரும் இரண்டாம் கோடை திரும்பிப் போவதில்லை.

பிரபலமான பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதே என்று மயங்கவும் வேண்டாம். அந்த வளாகத்தில் மூன்று வாரம் தங்கியதற்காக அங்கே பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்துவிடாது. சில திட்டங்கள் வளாகத்தை வாடகைக்கு எடுத்து வெளி நிறுவனங்கள் நடத்துபவை. யார் நடத்துகிறார்கள் என்பதைச் சிறிய எழுத்தில் தேடிப் படியுங்கள்.

இங்கே வந்திருக்கும் கல்லூரி மாணவர்களில் சிலர் இந்தப் பள்ளியிலேயே தமிழ் படித்து வளர்ந்தவர்கள், சிலர் இப்படிப்பட்ட விடுதிகளில் சிறுவயதில் தங்கியவர்கள். நீங்கள் இந்த வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கோடையில் நிறுவனப் பயிற்சிக்குப் போவதை விட்டுவிட்டு இதற்கா என்று வீட்டில் கேட்பார்கள். ஒரு கோடை போங்கள். பன்னிரண்டு பேரின் பசியையும் தூக்கத்தையும் கோபத்தையும் மூன்று வாரம் பொறுப்பில் வைத்திருந்தவருக்கு, பின்னாளில் மருத்துவராகவோ மேலாளராகவோ ஆகும்போது அறைக்குள் நுழைந்ததும் யார் பேசாமல் இருக்கிறார்கள் என்பதுதான் முதலில் கண்ணில் படும். ராஸ் திட்டத்தின் கவுன்சிலர்கள் பலர் கணிதப் பேராசிரியர்களாக ஆகியிருக்கிறார்கள். நிரூபணத்தின் ஓரத்தில் பொறுமையாகக் குறிப்பெழுதிய அந்த இரவுகளுக்கும் அதில் பங்குண்டு என்று நினைக்கிறேன்.

பெரும்பாலான திட்டங்கள் குளிர்காலத்திலேயே கவுன்சிலர் வேலைக்கு விண்ணப்பம் கேட்கத் தொடங்கிவிடும். நேர்காணலில் "இரவு இரண்டு மணிக்கு ஒரு பிள்ளை கதவைத் தட்டினால் என்ன செய்வாய்?" என்று அநேகமாகக் கேட்பார்கள். அதற்கு எப்படிப் பதில் சொல்லலாம் என்று பேசிப்பார்க்க விரும்புகிறவர்கள் உணவு இடைவேளையில் என்னிடம் வாருங்கள். பின்வரிசையில் நூலக மேசைப் பக்கம் இருப்பேன். பெற்றோர்களின் கேள்விகளை இப்போதே எடுத்துக்கொள்ளலாம். நேரம் இருக்கிறது.